கைப்பழக்கத்துக்கு ஓர் ஓட்டு

பல்கலைக்கழக ஜப்பானியப் பண்பாட்டு மன்றத்து உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் பொதுக்குழுவில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பதவிக்குப் போட்டியிடுகிறேன். கூட்டத்தில் வேட்பாளருக்குப் பேசக் கிடைக்கிற நேரம் மிகக் குறைவு. பெயரையும் துறையையும் சொல்லி, ஆதரவு தாருங்கள் என்று கும்பிட்டு இறங்கத்தான் அது போதும். ஆனால் இந்தப் பதவிக்கு வருகிறவர் அடுத்த ஓராண்டுக்கு நம் மாலை நேரங்களை எப்படிச் செலவழிப்பது என்று முடிவு செய்யப் போகிறார். அதனால் என் மனதில் இருப்பதை முழுசாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு ஒத்துப்போனால் ஓட்டுப் போடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

நம் மன்றத்தில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது, செய்வதற்கு மிகக் குறைவாக இருக்கிறது. அதை மாற்றத்தான் நிற்கிறேன்.

ஆண்டு விழாவையே எடுத்துக்கொள்வோம். செயற்குழு அதற்காக மாதக்கணக்கில் உழைக்கிறது. மேடை, ஒலிபெருக்கி, காஸ்ப்ளே வேடப் போட்டி, சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் நன்றாகத்தான் நடக்கின்றன. அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் ஷோடோ என்ற தூரிகை எழுத்துக் கலைக்கான மேசைக்கு முன்னால் நிற்கும் வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். வருகிறவர் தன் பெயரைச் சொல்கிறார். தூரிகை பிடிக்கத் தெரிந்த ஒருவர் அதைக் கட்டகானா என்ற ஜப்பானிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டு அவர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். கட்டுக் கட்டாகத் தாள் தீர்ந்த பிறகும், அன்றைக்குத் தூரிகையைத் தொட்டவர் அந்த ஒருவர் மட்டும்தான்.

யுகாட்டா என்ற கோடைக்கால மேலங்கியை உடுத்திப் படம் எடுக்கும் இடத்திலும் இதே கதை. உடுத்திவிடுகிறவர் அவசரமாகச் சுற்றிக் கட்டிவிடுகிறார். உடுத்திக்கொண்டவருக்கு, ஆணோ பெண்ணோ, இடப்பக்கத் துணிதான் மேலே வர வேண்டும் என்பதுகூடத் தெரியாது. வலப்பக்கம் மேலே வரும்படி உடுத்துவது ஜப்பானில் இறந்தவர் உடலுக்குச் செய்கிற முறை. மறுநாள் பகிரப்படும் படங்களில் அப்படி மாற்றிச் சுற்றிக்கொண்டு சிரிப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. யாரும் சொல்லித் தரவில்லை. பின்னால் வரிசை நிற்கும்போது சொல்லித் தர நேரமும் இல்லை.

நான் பொறுப்புக்கு வந்தால், ஒரு பருவத்துக்கு ஒரு கலை என்று எடுத்துக்கொண்டு, வாரம் ஒரு மாலை அதையே தொடர்ந்து செய்வோம். இந்த வாரம் ஒரிகாமித் தாள் மடிப்பு, அடுத்த வாரம் இகெபானா மலர் அலங்காரம், அதற்கடுத்த வாரம் சுஷி என்று தாவிக்கொண்டிருக்க மாட்டோம். எந்தக் கையும் முதல் நாளே பழகுவதில்லை. ஷோடோவில் தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, முழங்கையை மேசையில் ஊன்றாமல் கோடு இழுக்கவே முதல் மாலை போய்விடும். அப்புறம்தான் 永 (எய், ‘என்றென்றும்’) என்ற எழுத்துக்கு வருவோம். அடிப்படைத் தூரிகை வீச்சுகள் 8-ம் அந்த ஒரே எழுத்தில் அடங்கியிருப்பதால் காலங்காலமாக அதை வைத்துத்தான் பழக்குகிறார்கள். முதல் வாரம் எழுதிய தாளைத் தேதி போட்டு எடுத்து வைத்து, பருவம் முடியும்போது அதே எழுத்தை எழுதிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அந்த வித்தியாசம்தான் ஓர் உறுப்பினருக்கு மன்றம் தரக்கூடிய பெரிய பரிசு என்று நான் நினைக்கிறேன்.

முதல் பருவத்துக்கு நான் தேர்ந்தெடுத்திருப்பது போட்டிக் கருட்டா என்ற சீட்டாட்டம். ஏன் அது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் திட்டம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

13-ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்க்கா தொகுத்ததாகச் சொல்லப்படும் ஹ்யாகுனின் இஷ்ஷு, 100 கவிஞர்களின் 100 பாட்டுகள் கொண்ட தொகுப்பு. ஒவ்வொரு பாட்டும் 5, 7, 5, 7, 7 என்று 31 அசை. ஆட்டத்துக்கான சீட்டுகளில் பாட்டின் பின்பாதி, அதாவது கடைசி 14 அசைகள் மட்டும்தான் அச்சிட்டிருக்கும். 100 சீட்டில் 50-ஐ எடுத்து, எதிரெதிரே உட்கார்ந்த இருவரும் ஆளுக்கு 25 எனத் தங்கள் முன்னால் மூன்று வரிசையாகப் பரப்பிக்கொள்வார்கள். எந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்ய 15 நிமிடம். பிறகு ஒருவர் பாட்டை முதலிலிருந்து வாசிப்பார். பாட்டின் தொடக்கத்தைக் கேட்டதுமே முடிவு எந்தச் சீட்டில் இருக்கிறது என்று நினைவுக்கு வர வேண்டும், எதிராளிக்கு முன்னால் கை அதில் பட வேண்டும். எதிராளி பக்கத்துச் சீட்டை எடுத்தால் நம் சீட்டு ஒன்றை அவர் பக்கம் தள்ளிவிடலாம். தன் பக்கம் முதலில் காலியானவர் வென்றார்.

வாசிப்பவர் கையில் 100 பாட்டும் இருக்கும், தரையிலோ 50 சீட்டுதான். அதனால் தரையில் இல்லாத பாட்டுகளும் இடையிடையே வாசிக்கப்படும். அவசரப்பட்டு, வாசித்த பாட்டின் சீட்டு இல்லாத பக்கத்தில் கை வைத்தால் தண்டனையாக எதிராளி ஒரு சீட்டைத் தருவார். முதல் அசையைக் கேட்ட உடனேயே இன்ன பாட்டு என்று சொல்லிவிடக்கூடியவை 100-இல் 7 மட்டுமே. மற்றவற்றுக்கு இரண்டு, மூன்று, சிலவற்றுக்கு ஆறு அசைகூடக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் அறையில் இருக்கும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். ஒரு பழைய மொழியின் ஒலியை இவ்வளவு கவனமாகக் கேட்க வைக்கிற வகுப்பை நான் பார்த்ததில்லை.

இதில் புதியவருக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். எடுக்கும் சீட்டுகள் முழுக்க ஹிராகானா என்ற ஒலியெழுத்தில் இருக்கும், கான்ஜி என்ற சீன வழி எழுத்து ஒன்றுகூட இருக்காது. 46 அடிப்படை எழுத்துகளைக் கற்றவர் ஆட உட்காரலாம். முதல் வாரம் அந்த 7 பாட்டுகளை மட்டும் பழகுவோம், அடுத்த வாரம் இன்னும் சில. நம் மன்றத்தில் எழுத்து வகுப்புக்கு ஆரம்பத்தில் கூட்டமாக வந்து, ஹிராகானா முடிந்ததும் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். கற்ற எழுத்தை வைத்துக்கொண்டு செய்ய எதுவும் இல்லாததுதான் காரணம் என்பது என் கணிப்பு. அவர்களுக்குக் கற்ற மறுவாரமே ஒரு வேலை கிடைக்கும். மூன்றாம் ஆண்டு மாணவரும் முதல் வாரம் வந்தவரும் ஒரே அறையில் உட்கார இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. செலவு என்று பார்த்தால் சில கட்டுச் சீட்டும் தரையில் விரிக்கப் பாயும்தான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. நம் மன்றத்தில் அனிமே பார்க்க வருகிறவர்கள், உண்மையான பண்பாட்டுக்காக வருகிறவர்கள் என்று ஒரு கோடு விழுந்திருக்கிறது. கூட்டங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் உட்காரும் இடத்திலேயே தெரிகிறது. அந்தக் கோட்டை நான் ஏற்கவில்லை. ஜப்பானிலேயே கருட்டா மன்றங்களுக்கு இளைஞர்கள் திரண்டு வந்ததில் ஒரு மாங்கா படக்கதைக்கும் அதன் அனிமேவுக்கும் பெரும் பங்கு உண்டு. கோ என்ற பலகை ஆட்டத்துக்கும் அப்படியே நடந்தது. வாசல் எதுவாக இருந்தால் என்ன? நிறையப் பேர் ஒரு கதையைப் பார்த்துத்தான் உள்ளே வந்தோம், நானும் அப்படி வந்தவன்தான், அதில் எனக்குப் பெருமைதான். திரையிடல்கள் தொடரும். திரையிடலுக்கு வந்தவரை அடுத்த வாரம் பாய்க்கு அழைத்துவரும் வேலையைத்தான் நான் கூடுதலாகச் செய்வேன்.

திரையிடல் பற்றியே இன்னொன்று. தனிப்பட்ட சந்தாக் கணக்கைத் திறந்து அரங்கத்துக்குப் போட்டுக் காட்டுவதைப் பெரும்பாலான இணைய ஒளிபரப்பு நிறுவனங்களின் விதிகள் அனுமதிப்பதில்லை. அதற்கு முன்கூட்டியே உரிமை வாங்க வேண்டும். ஜப்பான் அரசு சார்ந்த ஜப்பான் ஃபவுண்டேஷன் 1972-இலிருந்து பல நாடுகளில் பண்பாட்டுப் பணி செய்துவருகிறது, இலாப நோக்கில்லாத திரையிடலுக்குப் படங்களும் தருகிறது. பருவம் தொடங்கும் முன்பே எழுதிக் கேட்டால் நல்ல படங்கள் கிடைக்க வாய்ப்பு உண்டு. கடைசி வாரத்தில் ஓடினால் எதுவும் கிடைக்காது. இது பெரிய கொள்கை விஷயம் ஒன்றும் இல்லை, நாட்காட்டியைப் பார்த்து வேலை செய்கிற விஷயம். ஆனால் நிகழ்ச்சிப் பொறுப்பாளரின் வேலையில் பாதி அதுதான்.

இரண்டாம் பருவத்துக்குத் தேநீர்ச் சடங்கு. பலருக்கு அதில் ஆசை இருக்கிறது, கூடவே ஒரு பயமும் இருக்கிறது. முழங்காலை மடக்கி அவ்வளவு நேரம் எப்படி உட்காருவது என்று. மூட்டுவலி உள்ளவர்கள், காலில் அடிபட்டவர்கள், சக்கர நாற்காலியில் வருகிற நண்பர்கள் இதற்கு வருவதே இல்லை. நமக்கானது இல்லை என்று அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். 1872-இல் கியோட்டோவில் நடந்த பொருட்காட்சிக்கு வெளிநாட்டவர் வருவார்கள் என்பதால், உராசென்கே என்ற தேநீர் மரபின் 11-ஆம் தலைவர் கெங்கென்சாய் மேசை, நாற்காலியில் அமர்ந்தே நடத்தும் முறை ஒன்றை வகுத்தார். ரியூரெய் என்று அதற்குப் பெயர். மரபின் தலைவரே வகுத்த முறை அது, இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. நம் தேநீர் மாலைகளை ரியூரெய் முறையில்தான் தொடங்குவோம். பாயில் உட்கார விரும்புகிறவர்களுக்குப் பாயும் இருக்கும். கரி அடுப்புக்குப் பல்கலைக்கழகக் கட்டடத்தில் அனுமதி கிடைக்காது, மின்சார அடுப்பு போதும், ஜப்பானிலும் பலர் அதைத்தான் வைத்துப் பழகுகிறார்கள்.

அங்கும் எல்லோரும் செய்ய வேண்டும் என்பதே விதி. ஒருவர் தயாரிக்க, முப்பது பேர் கைப்பேசியில் படம் எடுத்தால் அது என் கணக்கில் நிகழ்ச்சியே இல்லை. இரண்டு கிராம் அளவு மாட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூள், 80 டிகிரி அளவுக்கு ஆறிய வெந்நீர், ஒரே மூங்கில் துண்டிலிருந்து கீறிச் செய்த கடைகோல். அதைக் கிண்ணத்தின் அடியில் அழுத்தாமல் மணிக்கட்டை முன்னும் பின்னும் வேகமாக ஆட்டினால்தான் நுரை எழும். வட்டமாகச் சுற்றினால் கட்டி கட்டியாக நிற்கும். இதைக் கண்ணால் பார்த்துக் கற்க முடியாது, கிண்ணத்தைக் கையில் வாங்கித்தான் ஆக வேண்டும். பத்துப் பேருக்கு மேல் ஒரு மாலைக்கு முடியாது என்றால் பத்துப் பேர் போதும், மற்றவர்கள் அடுத்த வாரம் வரட்டும். நிகழ்ச்சியின் வெற்றியை வந்தவர் எண்ணிக்கையால் அளப்பதைச் செயற்குழு கைவிட வேண்டும் என்று நான் வாதாடப் போகிறேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானிலிருந்து பரிமாற்றத்தில் வந்து படிக்கும் மாணவர்களைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும், இது என்னை நீண்ட நாளாக உறுத்துகிறது. அவர்களில் ஒருவர் மன்றத்துக்குள் நுழைந்ததும் நாம் என்ன செய்கிறோம்? யுகாட்டா உடுத்திவிடச் சொல்கிறோம், தேநீர் போடச் சொல்கிறோம், எங்கள் உச்சரிப்பு சரியா என்று கேட்கிறோம், பேனருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிறோம். ஜப்பானில் பிறந்தவர் எல்லோருக்கும் தேநீர்ச் சடங்கு தெரிந்திருக்காது. அவர் பொறியியல் படிக்க வந்திருப்பார், கால்பந்து ஆடுகிறவராக இருப்பார், யுகாட்டாவைச் சிறுவயதில் அம்மா கட்டிவிட்டதோடு சரி. தெரியாது என்று சொல்லவும் கூச்சப்படுவார். இரண்டு தடவை வந்துவிட்டு மூன்றாவது தடவை வராமல் போனவர்களை நமக்கெல்லாம் தெரியும்.

அவர்களும் நம்மைப் போல உறுப்பினர்கள். பிடித்ததைச் செய்யட்டும், தெரியாததை நம்மோடு சேர்ந்து கற்கட்டும். கருட்டா பாயில் அவர்களும் நாமும் அதே பாட்டுகளைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். பள்ளியில் கொஞ்சம் படித்திருப்பார்கள், அவ்வளவுதான். விரும்பி ஒரு கலையைச் சொல்லித் தர முன்வருகிறவர்களுக்கு நன்றியோடு இடம் கொடுப்போம். அதற்கு அவர்களே முன்வர வேண்டும், பாஸ்போர்ட்டைப் பார்த்து நாம் வேலை ஒதுக்கக் கூடாது.

இதோடு சேர்ந்ததுதான் உரையாடல் மேசை. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நம்மில் கணிசமானவர்கள். 2010-இலிருந்து எளிய என்5 முதல் கடினமான என்1 வரை ஐந்து நிலைகள், ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. அதில் பேச்சுத் தேர்வு கிடையாது. விடையைத் தேர்ந்தெடுத்து நிரப்பினால் போதும். அதனால் என்3 தேறியவர்கூட ஒரு ஜப்பானியர் எதிரில் வந்தால் வாயடைத்து நிற்கிறார். வாரத்தில் ஒரு மதியம், பாதி நேரம் ஜப்பானிய மொழி, பாதி நேரம் பரிமாற்ற மாணவர்கள் பழக விரும்பும் மொழி என்று வைத்தால் இரு தரப்புக்கும் பயன். ஒரு பக்கம் மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கும் ஏற்பாடு நீடிக்காது.

விழாக்களின் தேதி பற்றி ஒவ்வோர் ஆண்டும் ஒரு வாக்குவாதம் வருகிறது. டனாபாட்டா என்ற நட்சத்திர விழா ஜூலை 7, அப்போது வளாகம் காலியாக இருக்கிறது, அதனால் விட்டுவிடலாம் என்று. விட வேண்டியதே இல்லை. ஜப்பான் 1873-இல் கிரெகொரி நாட்காட்டிக்கு மாறியபோது பழைய பண்டிகைகளை எந்தத் தேதியில் வைப்பது என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. ஊருக்கு ஊர் வேறு விடை கண்டார்கள். சென்டாயின் புகழ்பெற்ற டனாபாட்டா இன்றும் ஆகஸ்ட் 6 முதல் 8 வரைதான் நடக்கிறது. முன்னோரை நினைக்கும் ஓபோனும் சில இடங்களில் ஜூலையில், பெரும்பாலான இடங்களில் ஆகஸ்டில். எல்லோரும் வளாகத்தில் இருக்கும் வாரத்தில் மூங்கிலை நட்டு வேண்டுதல் தாள்களைக் கட்டுவோம். யாரும் நம்மைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், ஜப்பான் என்றால் கியோட்டோவும் டோக்கியோவும் மட்டும் இல்லை. நம் ஆண்டு நிகழ்ச்சி நிரலில் ஒகினாவாவின் பெயரே வருவதில்லை. 1879 வரை அது ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்தது, அதன் இசையும் எய்சா நடனமும் வேறொரு உலகம். ஹொக்கைடோவின் அய்னு மக்களைப் பூர்வகுடிகள் என்று ஜப்பானியச் சட்டம் 2019-இல்தான் குறிப்பிட்டது. 2020-இல் ஷிராஒய் ஊரில் அவர்களுக்கான தேசிய அருங்காட்சியகம் திறந்தார்கள். பருவத்துக்கு ஒரு மாலையாவது இவர்களுக்காக ஒதுக்குவேன். அதை மேலோட்டமாகச் செய்யாமல், படித்துத் தயாரித்து வருகிற உறுப்பினர் ஒருவரைப் பேசவைத்துச் செய்வேன்.

பணத்துக்கு எங்கே போவது? இப்போதைய வரவு செலவில் பெரும்பகுதி ஆண்டு விழாவின் ஒரே நாளில் கரைகிறது. மேடை அலங்காரத்தையும் வாடகை விளக்குகளையும் கொஞ்சம் குறைத்தாலே ஓராண்டுக்குத் தேவையான தூரிகை, மை, தாள், மாட்சா, சீட்டு எல்லாம் வாங்கிவிடலாம். விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. விழாவில் நிற்கிறவர்கள் ஆண்டு முழுக்கப் பழகியவர்களாக இருந்தால் விழாவே வேறு மாதிரி இருக்கும். ஷோடோ மேசையில் ஆறு பேர் உட்கார்ந்து, வருகிறவர் கையில் தூரிகையைக் கொடுத்துப் பிடித்து எழுதவைக்கலாம்.

மன்ற அலமாரியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கழுவாமல் வைத்ததால் காய்ந்து விறைத்துப்போன தூரிகைகள், காய்கள் குறைந்த ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) பலகை, ஈரத்தோடு மூடியதால் பூசணம் பிடித்த கடைகோல். இவற்றை வாங்கிய அண்ணன், அக்காக்கள் எல்லாம் ஆசையோடு வாங்கியவை. பொறுப்பு கைமாறும்போது பொருளும் பழக்கமும் சேர்ந்து கைமாறாததால் வந்த நிலை இது. பொருள் பட்டியல், பயன்படுத்தும் முறை, ஒவ்வொரு மாலையும் என்ன செய்தோம், எது எடுபடவில்லை என்ற குறிப்பு, எல்லாவற்றையும் அடுத்து வருகிறவருக்காக எழுதி வைப்பேன். என் பதவிக்காலத்தின் கடைசி மாதம் புதியவரோடு சேர்ந்துதான் நிகழ்ச்சிகளை நடத்துவேன்.

நான் வாக்குறுதி தராதவற்றையும் சொல்லிவிடுவது நியாயம். ஜப்பான் சுற்றுலா ஏற்பாடு செய்வேன் என்று சொல்ல மாட்டேன். புகழ்பெற்ற குரல் நடிகர்களை அழைத்து வருவேன் என்று சொல்ல மாட்டேன். உறுப்பினர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவேன் என்றும் சொல்ல மாட்டேன், ஒருவேளை அது முதல் ஆண்டில் குறையக்கூடும். வாரந்தோறும் குறித்த நேரத்தில் அறை திறந்திருக்கும், பொருள் தயாராக இருக்கும், வந்தவர் எவரும் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகும்படி விடமாட்டேன். இதற்கு மட்டும் நான் பொறுப்பு.

இதே பதவிக்கு நிற்கும் மற்றவர்களும் நல்லவர்கள், மன்றத்துக்காக உழைத்தவர்கள். அவர்களிடமும் என்னிடமும் கூட்டத்தில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஜப்பானைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் முதல் வாரம் உள்ளே வருகிற மாணவர், அன்று மாலை தன் கையால் என்ன செய்வார்? யார் தெளிவாகப் பதில் சொல்கிறாரோ அவருக்கே ஓட்டுப் போடுங்கள். அது நானாக இல்லாவிட்டாலும், கருட்டாவுக்கான வாரவாரியான பாடத்திட்டத்தை எழுதி முடித்துவிட்டேன். வெற்றி பெறுகிறவர் கேட்டால் அப்படியே கொடுத்துவிடுவேன், வாசிக்க ஆள் வேண்டுமென்றால் நானே வந்து வாசிக்கிறேன்.

அன்புடன்,
நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பதவிக்கான வேட்பாளர்,
உங்களில் ஒருவன்